ஒரு கரண்டி பச்சைச் சலட்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
கனடா, 16 மார்ச் 2025

அன்புள்ள மச்சாள் நிரஞ்சனிக்கு,

நாங்கள் நலம். உம்முடைய நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை; எழுதிவிட்டேன்.

நீர் தொலைபேசியை எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்தும் விலகிவிட்டீர். நேரே வரலாம் என்றால் உம்முடைய கட்டடத்தின் கீழ்க்கதவை நீர் மேலிருந்து திறந்துவிட்டால்தான் உண்டு. ஆகவே கொப்பிக் கடையில் எழுதுதாள் வாங்கிக் கடிதம் எழுதுகிறேன். உம்முடைய அண்ணை வியாழக்கிழமைகளில் வேலையாக லாசால் பக்கம் வருவதால் அவரிடமே கொடுத்துவிடுகிறேன். "நான் என்ன தபால்காரனோ?" என்று கேட்டுக்கொண்டுதான் சம்மதித்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். உம்முடைய மருமகள் றொஷினிக்கு மே பதினேழாம் திகதி, சனிக்கிழமை, பதிவுக் கலியாண எழுத்து. மாப்பிள்ளை எத்தியென்; ஜனவரிப் புதுவருசத்தன்று எங்கள் வீட்டில் பார்த்திருப்பீர், உயரமான வெள்ளைக்காரப் பெடியன். நாங்கள் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒழுங்கு செய்துகொண்டிருக்க, அவனுடைய தாய் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். வருகிற ஒவ்வொரு வீடும் ஒரு சாப்பாடு செய்துகொண்டு வரவேண்டுமாம். அது அவர்கள் வழக்கமாம். "சம்பந்தி வீட்டுக்காரர் சட்டியோட வாறதோ? எங்கட சனம் சிரிக்காதோ?" என்று கேட்டேன். றொஷினி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "அம்மா, நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. மாமியின்ர பச்சைச் சலட்டை மட்டும் மேசையில வையுங்கோ. எத்தியென் அதைத்தான் கேக்கிறான்" என்றாள்.

அதனால் அந்தப் பச்சைச் சலட்டின் செய்முறையை எழுதி அனுப்பவும். அடுப்பே மூட்டாமல் செய்கிற சாமான்தானே. முந்நூறு பேருக்குச் சமைத்த கை எனக்கு. உம்முடைய கண்ணாடிப் பாத்திரம் புதுவருசத்தில் இருந்து இங்கேதான் கிடக்கிறது, அதிலேயே செய்துகொள்வேன்.

இன்னொன்று. அன்றைக்கு நீர் என்னுடைய பனிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டீர். உம்முடையது எனக்கு அரை அளவு சின்னது. குளிர்காலம் முழுக்க அதோடு நடந்து என் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.

இப்படிக்கு,
புஷ்பராணி


லாசால்
21 மார்ச் 2025

அன்புள்ள மச்சாள்,

கடிதம் கிடைத்தது. உங்கள் சப்பாத்தை அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். துடைத்து, உள்ளே கடதாசி அடைத்து வைத்திருக்கிறேன்.

நான் ஏன் அடுத்தவருடைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினேன் என்பதை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். அன்று தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தேன். நீங்கள் என் கண்ணாடிப் பாத்திரத்தைக் குப்பைப் பைக்கு மேலே சரித்து அகப்பையால் வழித்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் உங்கள் சிநேகிதி அஜந்தா. "இந்தப் பச்சைச் சாமானை ஒருத்தரும் தொடுறேல்லை. வருசா வருசம் குப்பையில கொட்டுறதுதான் என்ர வேலை" என்றீர்கள். பிறகு திரும்பி என்னைக் கண்டீர்கள். என்னைக் கண்ட பிறகும் அந்த அகப்பை நிற்கவில்லை. வாசலில் நாற்பது சோடி சப்பாத்து. அழுகிற கண்ணுக்கு எது தன்னுடையது என்று தெரியுமா?

ஒருத்தரும் தொடாத சாமானைச் சம்பந்திக்கு வைக்கப் போகிறீர்களே, நல்லது. றொஷினி கேட்டதால் எழுதுகிறேன்.

பிஸ்தாப் புடிங் மா ஒரு பெட்டி. சமைக்காமல் கலக்குகிற வகையாக இருக்க வேண்டும். நசித்த அன்னாசி ஒரு டின், அதன் சாறோடு. மாவை அந்த அன்னாசியில் கொட்டிக் கிளறுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டாம். பிறகு கடையில் உறையவைத்து டப்பாவில் விற்கிற அடித்த கிறீம். முதல்நாளே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். அதைக் கரண்டியால் மெதுவாக, கீழிருந்து மேலாகப் புரட்டிச் சேர்க்க வேண்டும். கடைசியில் சின்ன மாஷ்மலோவும் உடைத்த வோல்நட்டும். மூடி ஒரு இரவு குளிரில் வையுங்கள். அவ்வளவுதான்.

மாஷ்மலோ வாங்கும்போது கவனம். சாதாரணமானதில் மாட்டெலும்பும் பன்றித்தோலும் காய்ச்சிய ஜெலட்டின் இருக்கும். உங்கள் வீட்டில் பாதிப் பேர் சைவம் என்பதால் மாமிசம் சேராதது எங்கே கிடைக்கும் என்று தேடி, இரண்டு பஸ் மாறிப் போய் வாங்குவேன். இருபத்திரண்டு வருசமாக. குப்பைப் பைக்கு அது தெரிந்திருக்காது.

மச்சாள்,
நிரஞ்சனி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
30 மார்ச் 2025

அன்புள்ள நிரஞ்சனிக்கு,

சப்பாத்துக் கிடைத்தது. இப்போது பனி கரைகிறது, இனி எனக்கு எதற்கு?

உம்முடைய செய்முறைப்படி நேற்றுச் செய்தேன். இன்று காலையில் மூடியைத் திறந்தால் மேலே பச்சை நுரை, அடியில் மஞ்சள் தண்ணீர். வாயில் வைத்தால் கைப்பு. சும்மா கைப்பில்லை, தொண்டையில் இறங்காத கைப்பு. உம்முடைய அண்ணை ஒரு கரண்டி எடுத்தார். எடுத்தவர் கரண்டியைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டு, "இது என்னப்பா, காய்ச்சல் மருந்து மாதிரிக் கிடக்கு" என்றார். முப்பத்தைந்து வருசத்தில் அவர் ஒரு கரண்டியைக் கழுவி நான் கண்டதில்லை.

நான் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அன்னாசி மட்டும் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி, என் கையாலேயே சீவி, கண் எடுத்து, நசித்துப் போட்டேன். சம்பந்திக்கு வைக்கிற சாப்பாட்டில் டின் சாமான் போடலாமா? "பழம் வாங்க வழியில்லாத சனமோ" என்று நினைக்கமாட்டார்களா? பெட்டியில் பால் விடச் சொல்லி எழுதியிருந்தது, பாலும் விட்டேன். பெட்டி செய்தவனுக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமா என்று நினைத்தேன்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நீர் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர். சில பரியாரிமார் மருந்தின் பெயரைச் சொல்வார்கள், சேர்க்கிற பக்குவத்தைச் சொல்லமாட்டார்கள். அந்தக் குணம் உமக்கு வேண்டாம். இது உம்முடைய அண்ணையின் ஒரே பிள்ளையின் காரியம்.

மிச்சத்தைக் கொட்டிவிட்டேன்.

புஷ்பராணி


லாசால்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு என்னுடைய மனுசன் நகுலேஸ்வரனிடம் நீட்டினேன். இவர் வாசித்து, வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபந்தான் வந்தது.

நான் டின் என்று எழுதினேன். நீங்கள் பழம் போட்டீர்கள். பெட்டியை வாசிக்க வேண்டாம் என்று எழுதினேன். வாசித்துப் பாலும் விட்டீர்கள். சூடு காட்டாத அன்னாசி பாலைக் கண்டால் சும்மா இருக்காது மச்சாள், அதைக் கைக்க வைத்துத் தண்ணீராக்கிவிடும். டின்னில் அடைக்கும்போது அன்னாசியைச் சுடவைப்பதால் அந்தக் குணம் செத்துவிடுகிறது. நான் வேலை செய்த லொங்குய்ய் அலுவலகத்தில் எனக்கு இதைச் சொல்லித் தந்த குளோடெட், முதல் நாளே இரண்டு தரம் சொன்னாள்: டின், டின். நானும் உங்களுக்கு அதைத்தான் எழுதினேன். எதையும் ஒளிக்கவில்லை. சொன்னதைச் செய்யாமல் சொன்னவளைப் பரியாரி என்கிறீர்கள்.

டின் என்றால் கௌரவக் குறைவு என்று நினைத்தீர்கள், இல்லையா? கனடாவுக்கு வந்த முதல் வருசம் நாங்கள் எல்லாரும் ஒரு வீட்டில் இருந்தபோது டின் மீனில்தான் குழம்பு வைத்தீர்கள். அண்ணை கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். அது நல்ல குழம்பு, இப்போதும் நினைத்தால் வாய் ஊறுகிறது.

இந்தச் சாமானுக்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திறமை காட்டப் போனால்தான் பழுதாகும். டின்னைத் திறவுங்கள், டப்பாவைத் திறவுங்கள், கலவுங்கள்.

இன்னும் ஒன்று. எழுத்து மே பதினேழு என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை மழை பெய்யும் என்று சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கடிதத்தையும் திருப்பித் திருப்பி வாசித்தேன். அன்னாசி இருக்கிறது, சப்பாத்து இருக்கிறது, நகம் இருக்கிறது. "நீர் வாரும்" என்ற சொல் இல்லை.

நிரஞ்சனி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
13 ஏப்ரல் 2025

அன்புள்ள நிரஞ்சனிக்கு,

நாளைக்குச் சித்திரை வருசப்பிறப்பு. இந்த நேரத்தில் மனஸ்தாபம் எழுதக்கூடாது என்று பார்க்கிறேன், முடியவில்லை.

இரண்டாம் தரம் செய்தேன். டின் அன்னாசி. நீர் சொன்னபடியே, வாயை மூடிக்கொண்டு, டின். ஆனால் அந்த டப்பாக் கிறீமின் அடியில் எழுதியிருந்ததை வாசித்தேன். எண்ணெயும் சீனியும் பெயர் தெரியாத மருந்துகளும். பாலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதையா பிள்ளைக்குக் கொடுப்பது? நல்ல பசுப்பால் கிறீம் வாங்கி, அடிக்கிற மெசினைப் போட்டேன். அது பொங்கி அழகாக வந்தது. இன்னும் கொஞ்சம் அழகாக வரட்டும் என்று விட்டேன். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததாம் என்பார்கள். இங்கே தாழி உடையவில்லை, வெண்ணெய் திரண்டதுதான் பிரச்சினை. பச்சை நிறத்தில் அன்னாசி வெண்ணெய். உம்முடைய அண்ணை அதைப் பாணில் பூசிச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை, இது நல்லாயிருக்கு" என்கிறார். நான் அழாத குறை.

இரவு றொஷினி வந்து பார்த்துவிட்டு, "மாமியைக் கூப்பிட்டால் அவ வந்து செய்வாதானே?" என்றாள். "ஏன், எனக்கு வராதோ?" என்று கத்திவிட்டேன். பிள்ளை மேலே போய்விட்டாள். எழுத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மகளோடு கத்தவைத்தது உம்முடைய பச்சைச் சலட்.

வாரும் என்று சொல்லவில்லை என்று குறைப்படுகிறீர். வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழ் போட்டோம். நீர்தான் குழுவில் இல்லை. அண்ணையின் பிள்ளையின் எழுத்துக்கு மாமிக்கு என்ன அழைப்பு? அந்நியருக்குத்தானே அழைப்பு. உரிமைக்காரர் தாங்களாக வந்து நிற்பார்கள்.

புஷ்பராணி


லாசால்
19 ஏப்ரல் 2025

மச்சாள்,

"உரிமைக்காரருக்கு அழைப்பு எதற்கு" என்று எழுதிய கையால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தங்கச்சி மகனின் கலியாணத்துக்கு அவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள் என்று நீங்கள் போகாமல் விட்டதை நினைத்துப் பாருங்கள். "வீடு தேடி வந்து சொல்லாத கலியாணத்துக்கு நான் போறேல்லை. ரொறொன்ரோ என்ன, சந்திரனிலயோ இருக்கு?" என்று என் வீட்டுக் கதிரையில் இருந்துதான் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். டொலார்ட் அதைவிடக் கிட்டத்தான் இருக்கிறது. காரில் அரை மணித்தியாலம்.

நான் சலட்டுக்காக எழுதவில்லை. இதை விளங்கிக்கொள்ளுங்கள். செய்முறை கேட்டீர்கள், தந்தேன். பழுதாகிவிட்டது என்றீர்கள், ஏன் என்று சொன்னேன். அந்த மேசைக்கு என் சலட் வேண்டும், நான் வேண்டாம். ஒவ்வொரு வியாழனும் அண்ணை கடிதத்தோடு வந்து நிற்கும்போது, இந்தத் தரமாவது இருக்கும் என்று உறையைப் பிரிக்கிறேன். வெண்ணெய் திரண்ட கதைதான் இருக்கிறது. எனக்கு எவ்வளவு எரியும் என்று யோசித்தீர்களா?

எனக்குப் பிள்ளை இல்லை. அது உங்களுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. லொங்குய்யில் முதல்முதலாக அந்தச் சலட்டைச் சாப்பிட்ட அன்று மிச்சத்தை ஒரு டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போது றொஷினிக்கு நாலு வயது. உங்களுக்கு இரவு வேலை, அவள் என்னோடுதான் இருந்தாள். டப்பாவுக்குள் கையை விட்டுத் தின்று, வாயெல்லாம் பச்சையாக, "மாமி, நாளைக்கும் செய்வீங்களோ?" என்று கேட்டாள். அந்த வருசப் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டாம், இதுதான் வேண்டும் என்றாள். அன்றிலிருந்து செய்கிறேன். ஆயிரம் சனம் தொடாவிட்டாலும் செய்வேன்.

எழுத்தன்று மாமிதான் ஆலாத்தி எடுக்க வேண்டும். அவளுக்கு மாமி என்று இருப்பது நான் ஒருத்தி. இவர், "இஞ்சேரும், அவ வந்து கேட்டால் போம், கேக்காட்டி விடும்" என்று சுலபமாகச் சொல்கிறார். அவருக்கு விடலாம். எனக்கு அந்தப் பிள்ளையை விட முடியாது. வராமல் இருந்தால் நான் செத்துப்போவேன். அழைக்காமல் வந்தாலும் செத்துப்போவேன்.

செய்முறை பற்றி இனி எழுதமாட்டேன். மெசினைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

நிரஞ்சனி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
27 ஏப்ரல் 2025

நிரஞ்சனிக்கு,

சலட் சரிவந்துவிட்டது.

வருகிற ஞாயிறு பின்னேரம் நானும் உம்முடைய அண்ணையும் எழுத்துச் சொல்ல வருகிறோம். கீழே மணி அடித்தால் கதவைத் திறந்துவிடவும்.

புஷ்பராணி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
4 மே 2025, காலை

அன்புள்ள நிரஞ்சனிக்கு,

இன்னும் சில மணித்தியாலத்தில் உம்முடைய வீட்டுக்கு வெளிக்கிடப் போகிறோம். உம்முடைய பாத்திரத்தில் என்னுடைய சலட் இருக்கிறது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. இந்தக் கடிதத்தைப் பாத்திரத்தின் அடியில் ஒட்டப் போகிறேன். நேரே சொல்லத்தான் நினைத்திருக்கிறேன். சொல்லிவிட்டேன் என்றால் வரும்போது இதைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவேன். நீர் இதை வாசிக்கிறீர் என்றால் நான் சொல்லவில்லை என்று அர்த்தம். என்னை எனக்குத் தெரியும்.

புதுவருசத்தன்று எத்தியென் முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் மூன்று நாள் நின்று சமைத்தேன். இடியப்பம் அவித்தேன், சொதி வைத்தேன், கத்தரிக்காயைப் பொரித்துப் பால்கறி வைத்தேன், இறால் பொரித்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. அந்தப் பெடியன் ஒரு இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தொட்டு வைத்துவிட்டு, உம்முடைய பச்சைச் சலட்டை மூன்று தரம் எடுத்தான். தன் தாயும் சின்ன வயதில் செய்து தந்தாளாம். அதைப் பற்றியே கதை. பக்கத்தில் என் மகள், "இது எங்கட மாமியின்ர ஸ்பெஷல்" என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். நான் வைத்த ஒரு கறியைக் காட்டி, இது அம்மாவின்ர என்று சொல்லவில்லை.

நான் குசினிக்குள் போய்க் கதவு மூலையில் நின்றேன். பிறகு உம்முடைய பாத்திரத்தை எடுத்தேன்.

ஒருத்தரும் தொடுவதில்லை என்று சொன்னது அன்றைக்குப் பொய். மற்ற வருசங்களில் முழுப் பொய்யில்லை. நீர் கேட்கத்தான் வேண்டும் என்றால் உள்ளதைச் சொல்கிறேன். றொஷினியைத் தவிர எங்கள் ஒருவருக்கும் அது பிடிப்பதில்லை. இனிப்பென்றால் ஒரு இனிப்பு, பல் கழன்றுவிடும். உம்முடைய அண்ணை, நான், அஜந்தா, வருகிற சனம் எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி எடுப்போம். நீர் பார்த்துக்கொண்டு நிற்பீர், உம்முடைய முகம் மலரும், அதற்காக எடுப்போம். பெரியவர்களில் எடுக்காமல் விட்டது ஒருவரும் இல்லை. நீர் போன பிறகு மிச்சத்தை நான் கொட்டுவேன். இருபத்திரண்டு வருசமும் அதுதான் நடந்தது. அன்றைக்கு மட்டும் பாத்திரத்தில் கொட்டுகிற அளவுக்கு மிச்சம் இருக்கவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

நீர் வந்து நின்றதைக் கண்டேன். அகப்பையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் விட்டது பிழை. மன்னித்துக்கொள்ளும்.

மூன்றாம் தரம் நீர் சொன்ன ஒன்றையும் மாற்றாமல் செய்தேன். மாஷ்மலோவுக்கு உம்மைப்போல இரண்டு பஸ் மாறிப் போனேன்; உம்முடைய அண்ணையிடம் கார் கேட்கவில்லை. குளிரில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் யோசித்தேன், ஒரு கரண்டி சாமானுக்காக இவ்வளவு தூரம் போயிருக்கிறாளே என்று.

அன்புடன்,
மச்சாள் புஷ்பராணி


லாசால்
11 மே 2025

அன்புள்ள மச்சாள்,

வந்தீர்கள். சந்தோசம். குங்குமச் சிமிழைத் திறந்து எனக்கும் பொட்டு வைத்து, இவருக்கும் சந்தனம் கொடுத்து, "எழுத்துக்கு வாரும்" என்று முறையாகச் சொன்னீர்கள். தேத்தண்ணி குடித்தீர்கள். பிறகு ஒன்றரை மணித்தியாலம் தெருவெல்லாம் தோண்டி வைத்திருப்பதைப் பற்றியும், வீட்டு வரியைப் பற்றியும், உங்கள் முழங்காலைப் பற்றியும் கதைத்தோம். நான் ஒவ்வொரு நிமிசமும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ சொல்லப் போகிறா, இதோ சொல்லப் போகிறா என்று. நீங்கள் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, அதையே இரண்டு தரம் தூக்கித் தூக்கி வைத்தீர்கள். விசர் மனுசி, இதை என்ன செய்கிறா என்று நினைத்தேன்.

நீங்கள் போனதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாத்திரத்தைத் தொடவில்லை. அப்படியே தூக்கிக் குளிர்பெட்டியில் தள்ளிக் கதவை அடித்துச் சாத்தினேன். வந்து அழைத்துவிட்டா, இனி நான் போகத்தான் வேண்டும், ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்காமலே அழைத்துவிட்டா என்று இவருக்கு ஐந்து நாள் புலம்பினேன். அந்த ஐந்து நாளும் எனக்குத் தெரியாமல் இவர் அதைக் கரண்டி கரண்டியாகத் தின்றிருக்கிறார். நேற்றுத் திறந்தால் அடியில் ஒரு கைப்பிடி மிச்சம். அதை நான் சாப்பிட்டேன். பிறகு கழுவத் தண்ணீரில் போட்டபோதுதான் உங்கள் கடிதம் கழன்று மிதந்தது.

தொட்டிக்கு முன்னால் நின்று, ஈரத்தோடு வாசித்தேன். சில எழுத்துக் கரைந்திருந்தது. "மன்னித்துக்கொள்ளும்" கரையவில்லை.

அழுதேன். பிறகு, ஆளுக்கு ஒரு கரண்டி என்ற இடத்தைத் திரும்ப வாசித்தபோது கோபம் வந்தது. இருபத்திரண்டு வருசம் ஒருவர்கூட வாய்திறந்து, "பிள்ளை, இது இனிப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லவில்லையே. பிறகு எல்லாருடைய முகமும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உங்கள் அம்மா கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடுவாவே, ருசியில் மூடுகிறா என்று நினைத்தேன். அப்போதுதான் சிரித்தேன். சிரித்துச் சிரித்து இடுப்பு நாரி பிடித்துவிட்டது, இவர் ஓடிவந்து பார்த்தார்.

ஒன்று நானும் சொல்லவேண்டும். எனக்கும் அது பிடிக்காது மச்சாள். லொங்குய்யில் முதல் கரண்டியிலேயே எனக்குப் பல் கூசியது. செய்தவள் சாப்பிடாவிட்டால் சனம் என்ன நினைக்கும் என்று நானும் ஒரு கரண்டிதான் எடுப்பேன். அந்தப் பாத்திரம் முழுவதும் ஒரு பிள்ளைக்காகத்தான் செய்தது. இப்போது அந்தப் பிள்ளைக்குத் துணைக்கு ஒருவன் வந்துவிட்டான்.

உங்கள் சலட் நன்றாக இருந்தது. என்னுடையதைவிட மென்மை. வோல்நட் கொஞ்சம் அதிகம். அது என் வயிற்றெரிச்சல் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பதினேழாம் திகதி வெள்ளனவே வருவேன். ஆலாத்தித் தட்டு என்னிடம் இருக்கிறது, விளக்கி வைத்துவிட்டேன். றொஷினிக்குச் சேலை உடுத்துவிடுவது நான்தான், வேறு ஒருவரையும் பிடிக்கவேண்டாம். உங்கள் கத்தரிக்காய்ப் பால்கறியை அந்தப் பெடியனுக்கு என் கையால் வைத்து, இது உன்னுடைய மாமியார் வைத்தது என்று அவனுடைய பாசையிலேயே சொல்லுவேன். அவன் தின்றுமுடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன்.

சலட்டை நான் கொண்டுவரமாட்டேன். இந்த வியாழன் அண்ணையிடம் கண்ணாடிப் பாத்திரத்தைக் கொடுத்துவிடுகிறேன். கழுவித் துடைத்தது, உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பாத்திரத்தைக் கண்டு பதறாதீர்கள். இது திருப்பித் தருவதில்லை, தருவது. இனி அது உங்களுடையது. எழுத்துக்கும், கலியாணத்துக்கும், வருசா வருசமும் நீங்கள்தான் செய்யவேண்டும்.

மேசையில் வைத்துவிட்டுச் சனத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். வரிசையில் முதலாவதாக நான் வருவேன். ஒரு கரண்டி எடுப்பேன். ஒரு கரண்டிதான் மச்சாள், உங்களுக்காக.

என்றும் அன்புடன்,
நிரஞ்சனி